கொறச்சிரலாம் அண்ணாச்சி

அவருடைய கைவரிசையை நான் முதலில் பார்த்தது ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில். தேர்ப் பவனிக்கு மெழுகுவத்தி சப்ளை செய்யும் வேலையை, மற்றவர்கள் கேட்டதைவிட மலிவாகத் தருகிறேன் என்று வாங்கியிருந்தார். தேர் பாதித் தெரு வந்ததும் ஜனங்கள் கையில் இருந்த மெழுகுவத்தி ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தது. மெழுகு மிச்சம் இருக்கிறது, திரியைக் காணோம். பாதியோடு திரியை நிறுத்திவிட்டிருக்கிறார். சாமியார் கூப்பிட்டு விசாரித்தபோது மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"தேரு முக்கு திரும்புததுக்குள்ள ஜெபம் முடிஞ்சிரும்லா சாமி? அதுக்கு மேல எரிஞ்சா வீணு. அதான் கொறச்சிட்டேன்."

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். காகிதம், பேனா, கோந்து என்று மொத்த வியாபாரம் செய்து, பிறகு கடற்கரை ரோட்டை ஒட்டி ஒரு பிரஸ் வைத்து, சர்க்கார் டெண்டர்களில் பிழைத்தவர். கடை போர்டில் பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரிடம் அட்டை வெட்டும் வேலையில் இருந்தேன்.

எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இதில் எதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தேடுகிற பார்வை அது. கண்டுபிடித்துவிட்டால் முகம் பூத்துவிடும். "கொறச்சிரலாம்" என்பார். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்து கொடுத்தார், கால் குட்டை. "பிள்ளைகதான உக்காரப் போகு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி கொடுத்தார், அகலம் கம்மி. "புண்ணு என்ன கதவு அகலத்துக்கா இருக்கும்?" என்றார். சொந்த மகள் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி வீட்டுப் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் வெட்டிவிட்டு "மற்றும் உறவினர்கள்" என்று ஒரே வரியில் முடித்தார். அதனால் வெகுநாள் அந்த வீட்டில் இவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஊரை அடித்து உலையில் போடுகிற ஆள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தனக்கும் அதே அளவுகோல்தான் வைத்திருந்தார். ஒரு டீயை மூன்றாகப் பங்கு போட்டு, ஒரு பங்கைத்தான் தான் குடிப்பார். சனிக்கிழமை சம்பளம் தவறியதே கிடையாது. என் கல்யாணத்துக்கு நல்ல கனமான எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மூடி இல்லை. அவர்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இல்லையென்று இப்போது சொன்னால் அது பொய்.

போலீஸ் டெண்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். எங்கேயோ தடியடியில் ஆள் செத்து, அதற்கு ஒரு விசாரணை நடந்து, இனிமேல் போலீஸ் எங்கே, எப்போது, எதனால் அடித்தது என்பதற்குப் பதிவு வேண்டும், மேலிடம் கேட்டால் உடனே எடுத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லே நாங்கள் கேள்விப்படாத நாள். அதற்குப் பதில் வெளிநாட்டில் ஓட்டை அட்டை என்று ஒன்று இருந்தது.

அது ரொம்ப சுலபமான விஷயம். போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. ஓரம் முழுக்க வரிசையாக ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்கும் ஓர் அர்த்தம். இது லத்தி, இது கண்ணீர்ப்புகை, இது துப்பாக்கி, இது இன்ன இடம் என்று. ஒரு சம்பவத்துக்கு ஓர் அட்டை. லத்தியால் அடித்திருந்தால் லத்தி ஓட்டையை ஓரத்தோடு சேர்த்து வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, லத்தி ஓட்டைகளின் வழியே ஒரு நீளக் கம்பியை விட்டுத் தூக்கினால், வெட்டாத அட்டை கம்பியில் தொங்கும், வெட்டிய அட்டை கீழே விழும். விழுந்ததை எண்ணினால் எத்தனை தடியடி என்று தெரிந்துவிடும். படிக்கவே வேண்டாம்.

டெண்டருக்கு முன்னால் அதிகாரிகள் எதிரில் செய்து காட்டச் சொன்னார்கள். அண்ணாச்சி எங்கிருந்தோ கொஞ்சம் சீமை அட்டை சம்பாதித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீள மேஜை, சுற்றிலும் தொப்பி. நான் கம்பியை விட்டுத் தூக்கினேன். சரசரவென்று அட்டைகள் விழுந்தன. கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. நடுவில் இருந்த பெரிய அதிகாரி, "இவ்வளவு சுலபமாவா விழும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு எந்தெந்த ஓட்டை வேண்டும் என்ற பேச்சு வந்தது. லத்தியை ஓங்கினால் அது அடியா என்று ஒருவர் கேட்டார். ஓங்கினதுக்கு ஓட்டை எதுக்கு, கொறச்சிரலாம் என்றார் அண்ணாச்சி. லேசான அடிக்கும் பலமான அடிக்கும் தனித்தனியா என்று இன்னொருவர் கேட்டார். "அடி வாங்குனவன் ரெண்டையும் பலம்பான், அடிச்சவிய ரெண்டையும் லேசும்பாவ. ஒரு ஓட்டை போதும் ஐயா." இப்படி எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்த அறையில் எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "பெரியவரு மூஞ்சி சுருங்குனத பாத்தியா பிள்ள? அவருக்கு அட்டை விழுந்தது பிடிக்கல."

"வுழறதுக்குத்தானே அண்ணாச்சி அட்டை?" என்றேன்.

"வாங்குதவருக்கு எது பிடிக்குமோ அதத்தான் விக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெண்டர் அவருக்கே கிடைத்தது. அவருடைய விலையைவிடக் கம்மியாக எழுத யாராலும் முடியவில்லை. சீமை அட்டை என்று எழுதியிருந்த இடத்தில் "அதற்கு ஒப்பான அட்டை" என்று ஒரு திருத்தம் எப்படியோ நுழைந்தது. ஒப்பான அட்டை என்று அவர் கொண்டுவந்து இறக்கியது வைக்கோல் கூழில் செய்த மெல்லிசு அட்டை, பலகாரப் பெட்டிக்குப் போடுவார்களே, அது. கம்பிக்குப் பழைய குடைகளின் கம்பி.

சரக்கை எடுத்துக்கொள்வதற்கு ஒரே ஒரு சோதனைதான் வைத்திருந்தார்கள். நூறு அட்டையை அடுக்கினால் இத்தனை உயரம் வர வேண்டும். எங்கள் அட்டை பாதி உயரம்கூட வராது. நான் அளந்து காட்டி, "இது இன்னா அண்ணாச்சி, மாட்டிக்குவோம்" என்றேன். அவர் ஒரு கண்ணை மூடினார். அப்புறம் கிடங்கில் கடலைப் பார்த்த ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி, அட்டைகளைக் கட்டுப் பிரித்துப் பரப்பி வைக்கச் சொன்னார். ராயபுரத்துக் கடல் காற்றில் நாங்கள் காயப்போடுகிற துணியே காயாது. அட்டை ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊதிப்போயிற்று. போலீஸ் ஸ்டோர் குமாஸ்தா வந்து அடுக்கி அளந்தபோது உயரம் கச்சிதமாக இருந்தது. "பெரிய பாக்டரிக்காரன் மிஷின் வச்சி செய்வான். நமக்குக் கடக்கரை காத்து ஓசி" என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஊதின அட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பியை விட்டுத் தூக்கினால் வெட்டினது, வெட்டாதது எல்லாமே கட்டாக மேலே வந்தது. நான் பதறிப்போய் ஓடினேன்.

"அண்ணாச்சி, எல்லாம் ஒட்டிகினு கீது. ஒண்ணுகூட வுழ மாட்டேங்குது!"

"விழாட்டா என்ன? விழலன்னு யாரு அழுதா?"

காசை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தாரா, அந்தப் பெரிய அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒரே வேலையில் முடிந்ததில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஒப்பந்தப்படி மாதம் ஒரு தடவை ஸ்டேஷன்களுக்குப் போய், வளைந்த கம்பியை மாற்றிக் கொடுப்பது என் வேலை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் என் பொறுப்பு. முதல் சில மாதம் ஸ்டேஷனில் பதிவு எழுதும் ரைட்டர்கள் லத்தி ஓட்டையைத் தொடவே பயந்தார்கள். எந்த அட்டையைப் பார்த்தாலும் "எச்சரித்துக் கலைத்தோம்" என்ற ஓட்டைதான் வெட்டியிருக்கும். போகப்போக ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு ஸ்டேஷனில் வயதான ரைட்டர் ஒருவர் லத்தி ஓட்டையை டக் டக்கென்று வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இம்மாம் வெட்றீங்கோ?" என்றேன்.

"கம்பிய வுட்டா ஒண்ணும் வுழறதில்லம்மா. அப்பால இன்னாத்துக்குப் பொய் எய்தணும்? பொய்யினா யோசிக்கணும், நாளைக்கு இன்னா எய்தனோம்னு ஞாபகம் வச்சிகினு இருக்கணும், பேஜாரு. நெசம்னா நடந்தத எய்திட்டு வூட்டுக்குப் போய்கினே இருக்கலாம்."

மற்ற ஸ்டேஷன்களிலும் இதேதான். விழாத அட்டையில் எல்லாரும் உண்மை எழுதினார்கள். மாதக் கடைசியில் கம்பியை விட்டுத் தூக்கி, ஒன்றும் விழவில்லை என்று பார்த்து, "இம்மாதம் பலப்பிரயோகம் இல்லை" என்று மேலே எழுதி அனுப்பினார்கள். மேலே ஒரே கொண்டாட்டம். புதிய முறை வந்ததும் போலீஸ் பொறுமை கற்றுக்கொண்டுவிட்டது என்றார்கள். எல்லா மாவட்டத்துக்கும் இதே அட்டையை வாங்கலாம் என்று பேச்சு அடிபட்டது. அண்ணாச்சி அன்று முழு டீ ஒன்றைத் தனியாகக் குடித்ததைப் பார்த்தேன்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் வீட்டுக்காரரை அடிக்கிற வரைக்கும்.

எண்ணூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு லோடிங் வேலை. கம்பெனியில் கதவடைப்பு. பழைய பாக்கிச் சம்பளம் தருகிறோம் என்று சொல்லி வரவழைத்தார்கள், எல்லாரும் கேட்டில் வரிசையில் நின்றார்கள். போலீஸ் வந்தது. யார் எதைச் சொன்னார்கள் என்று தெரியாது, அடி விழுந்தது. இவருக்கு வலது முழங்கை. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்தபோது கை மடங்கவில்லை. கதவு திறந்து எல்லாரையும் வேலைக்கு எடுத்த கம்பெனி இவரை மட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கு யாரையும் யாரும் அடிக்கவில்லை, இந்த ஆள் திருட்டுத்தனமாகச் சுவர் ஏறிக் குதித்து விழுந்தான் என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை, திருடன் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அவர் இடது கையால் பீடி பற்றவைக்கப் பழகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லேபர் ஆபீசில் மனு கொடுத்தோம். லேபர் ஆபீசர் நல்ல மனிதர்தான். அன்றைக்கு அந்தக் கேட்டில் தடியடி நடந்ததா என்று போலீசுக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. புதிய முறைப்படி தேடிப் பார்த்தோம், அப்படி ஒன்றும் இல்லை.

அந்தக் கேட்டு, பொய் எழுதச் சோம்பல்படும் அந்த ரைட்டரின் எல்லை. அடுத்த தடவை போனபோது நான் கேட்டேன்.

"உன் வூட்டுக்காரரா? அடப் பாவமே!" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நான் கரீட்டா எய்தி வச்சிகீறேன்மா. இடம், நேரம், லத்தி, எல்லாம் வெட்டிகீறேன். உள்ளாறதான் கீது."

"அத்தக் கொஞ்சம் எட்துக் குடு சார், புண்ணியமாப் போவும்."

"கையால எடுக்கக் கூடாதும்மா. கம்பியில வுட்டு, தானா வுழுந்தாத்தான் கணக்கு. ஆள் கை பட்டா செல்லாதுன்னு ஆர்டரு."

அன்று நேராக பிரஸ்ஸுக்குப் போய் அண்ணாச்சி எதிரில் நின்றேன். அட்டை ஒட்டுகிறது, அதனால்தான் விழவில்லை என்று லேபர் ஆபீசில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒட்டாமல் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள், இவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்றேன். எல்லா மாவட்ட டெண்டரும் அப்போது அவருடைய மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரேன் பிள்ள" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் அந்த ஸ்டேஷன் அட்டைகள் இருந்த பெட்டியோடு வந்தார். லேபர் ஆபீசர் எதிரிலேயே லத்தி ஓட்டையில் குடைக் கம்பியை விட்டுத் தூக்கினார். மொத்தக் கட்டும் மேலே வந்தது.

லேபர் ஆபீசர் அண்ணாச்சியிடம் திரும்பினார். "நீங்கதானே சப்ளை பண்ணினது? இந்த அட்டையில ஏதாவது குறை உண்டா?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். என் வீட்டுக்காரரின் விறைத்த கையைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். இந்த மனிதர் எதையோ தேடுகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒப்பந்தத்துல உள்ளபடி குடுத்திருக்கேன் ஐயா. ஒரு நூலுகூடக் கொறைக்கல."

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. "பொய் சார்! ஒட்டிகினு கீது சார், தட்டனா வுழும்!" என்று கத்திக்கொண்டே போய், அந்தக் கட்டைக் கம்பியோடு பிடுங்கி மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்துத் தூக்கினேன். கொட்டின பாருங்கள். மேஜையில், நாற்காலியில், லேபர் ஆபீசர் மடியில். ஒரு வருடத்துத் தடியடியெல்லாம் அந்த அறையில் விழுந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து, இடது கையால் ஒன்றொன்றாகப் புரட்டி, தன்னுடைய அட்டையைக் கண்டுபிடித்து எடுத்தார். "இதாங்க நானு" என்று நீட்டினார்.

லேபர் ஆபீசர் அதை வாங்கிப் படித்தார். இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தானாக விழுந்ததுதான் கணக்கு. அடித்து விழவைத்தது செல்லாது. அதிலும் மனுதாரரின் பெண்டாட்டி அடித்தது.

"அடிச்சு வாங்கினது செல்லாதுன்னு போலீஸ்காரரே சொல்றாரு" என்று லேபர் ஆபீசர் ஒரு கசப்புச் சிரிப்புச் சிரித்தார். சிரித்துவிட்டு அவரும் அப்படியே எழுதினார். மனு தள்ளுபடி.

அண்ணாச்சி அதற்குள் தரையில் மண்டிபோட்டு அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் வேட்டியில் துடைத்து, மூலைக்கு மூலை சேர்த்து அடுக்கி, இன்ஸ்பெக்டரிடம் பெட்டியைப் பணிவாகக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் இருந்ததையும் வாங்கி அதில் வைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"தம்பி, மனசுல வச்சிக்கிடாதிய. எல்லா மாவட்டத்துக்கும் ஆர்டர் வரப்போகு. கம்பிய விட்டு ஓட்டை நேரா இருக்கான்னு பாக்க ஓர் ஆளு வேணும். ஒரு கை இருந்தாப் போதும். நாளைக்கே வாங்க." கொஞ்சம் நிறுத்தி, ஒரு கண்ணை மூடினார். "ஒரு கை வேலதான? சம்பளம் பாதி போட்டுக்கிடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். சத்தம் போடவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"வயிறு முய்சாத்தானே கீது அண்ணாச்சி?"

அண்ணாச்சி செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது.

"முக்கால் தாரேன்" என்றார்.

பஸ்ஸில் வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கட்டையில போறவன், நாசமாப் போறவன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய் அரிசிப் பானையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் பிரஸ்ஸின் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றோம், இரண்டு பேரும்.